வானம் பார்த்த பூமியில் காணிக்கை: ஊழியத்துக்குக் கொடுத்த கை ஏன் நின்றுபோகிறது?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பெற்றோர் நினைவாக ஒரு தொகையை வைப்பு நிதியாகப் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடக்கட்டும் என்று ஒரு குடும்பம் எழுதிவைத்தது. அந்தக் கொடையால்தான் இன்று இங்கே கூடியிருக்கிறோம். ஆகவே கொடையைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தேன். கிறிஸ்தவ ஊழியங்களுக்குக் கொடுத்துவந்தவர்கள் ஏன் நிறுத்திவிடுகிறார்கள்? சபைக் கமிட்டிகளில் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் இரண்டு பதில்கள் வருகின்றன. ஒன்று, "மழை இல்லை, விளைச்சல் இல்லை, சனங்கள் கையில் காசு இல்லை." மற்றொன்று, "முன்போல ஜனங்களுக்குப் பக்தி இல்லை." இந்த இரண்டும் முழு உண்மை அல்ல என்பது என் கருத்து. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வரலாறே அதற்குச் சாட்சி.

1. கடல் கடந்து வந்த பணம்

இந்தக் கரிசல் சீமைக்கு அமெரிக்க மிஷன் வந்த வழி யாழ்ப்பாணம். 1810-இல் பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய அமெரிக்கன் போர்டு என்ற மிஷனரி சங்கம், 1816-இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கியது. அங்கிருந்து அதன் மிஷனரிகள் 1834-இல் மதுரைக்கு வந்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் திருமங்கலம், திண்டுக்கல், திருப்புவனம் என்று பரவி, நம் மண்டபசாலையிலும் ஒரு மிஷன் நிலையம் அமைந்தது. ஹொரேஸ் டெய்லர் என்ற மிஷனரி அங்கே நெடுங்காலம் உழைத்தார். மண்டபசாலையை இன்றைக்குத் திருச்சுழிப் பக்கத்து ஊர்க்காரர்களைத் தவிர வெளியே அதிகம் பேருக்குத் தெரியாது. ஆனால் அன்று அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில், பனி மூடிய சிற்றூர்களில் இருந்த விவசாயக் குடும்பங்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது.

எப்படித் தெரிந்தது? போர்டு 'மிஷனரி ஹெரால்டு' என்ற மாத இதழை நடத்திவந்தது. ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் வரும் கடிதங்கள் அதில் அச்சாகும். எந்த ஊரில் பள்ளி திறந்தது, எங்கே காலரா வந்தது, எந்த உபதேசியார் இறந்துபோனார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதே இதழின் பின்பக்கங்களில் எந்த ஊர்ச் சபை எவ்வளவு அனுப்பியது என்ற வரவுப் பட்டியலும் இருக்கும். கொடுத்தவர் தன் ஊரின் பெயரையும் பார்த்தார், தன் பணம் போன ஊரின் செய்தியையும் படித்தார். 1856-இல் பசிபிக் தீவுகளின் பணிக்கு 'மார்னிங் ஸ்டார்' என்ற கப்பல் கட்ட வேண்டியிருந்தபோது, ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் ஆளுக்குப் பத்து சென்ட் பங்கு வாங்கினார்கள். அந்தக் கப்பல் எங்கே போகிறது என்று அந்தப் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்த உறவு இன்னும் ஒரு படி மேலே போனது. உறைவிடப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்ட அமெரிக்கக் கொடையாளர், அந்தப் பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டலாம். 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரான கறல் விசுவநாதபிள்ளை போன்றோரின் பெயர்களில் அந்த வழக்கத்தின் தடம் இருக்கிறது. தாய் தகப்பன் வைத்த பெயருக்கு மேல் முகம் தெரியாத ஒருவரின் விருப்பம் ஏறி உட்கார்ந்தது எனக்கு உவப்பானதல்ல. கொடுப்பவர் வாங்குபவரின் மேல் இவ்வளவு உரிமை கொண்டாடக் கூடாது. ஆனால் தான் கொடுத்தது இன்ன பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கொடையாளர் அறிந்திருந்தார் என்ற செய்தியையும் நாம் விட்டுவிடக் கூடாது.

2. பணம் தடைப்பட்ட காலங்கள்

இத்தனை நெருக்கம் இருந்தும் பணம் தடைப்பட்டது. முதல் தடை 1837-இல் வந்தது. அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்தன. போர்டு எல்லா மிஷன்களுக்கும் செலவைக் குறைக்கச் சொல்லி எழுதியது. யாழ்ப்பாணத்தில் இலவசப் பள்ளிகள் கூட்டங்கூட்டமாக மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பினார்கள். மதுரை மிஷன் அப்போது மூன்று வயதுக் குழந்தை.

இரண்டாம் தடை 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர். போர்ச் செலவுக்காக அரசு காகித டாலரை அச்சடித்துத் தள்ளியது. 1864-இன் நடுவில் ஒரு தங்க டாலர் வாங்க இரண்டரைக் காகித டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தியாவுக்குப் பணம் லண்டன் வழியாக, பவுன் கணக்கில்தான் வரும். ஆகவே நியூ இங்கிலாந்தில் ஒரு விதவை முன்போலவே ஒரு டாலர் போட்டாலும், இங்கே வந்து சேர்ந்தது அதில் பாதிகூட இல்லை. அவர் கொடுப்பதை நிறுத்தவில்லை, ஆனால் பணம் குறைந்துவிட்டது. அதே போரினால் அமெரிக்கப் பஞ்சு வராமல் லங்காஷயர் ஆலைகள் தவித்தன. நம் கரிசல் பருத்தியின் விலை ஏறியது. வியாபாரிகளிடமும் பெரிய சம்சாரிகளிடமும் பணம் புழங்கியது. ஆனால் அன்றைய சபைகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். அந்தப் பணம் அவர்கள் கைக்கு வரவில்லை.

மூன்றாம் தடை 1929-க்குப் பிந்தைய பெருமந்தம். மிஷன்களின் வரவு செலவுத் திட்டங்கள் வெட்டப்பட்டன, ஊதியங்கள் குறைந்தன. ஆனால் இந்த முறை பணமுடையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. 1932-இல் வில்லியம் எர்னெஸ்ட் ஹாக்கிங் தலைமையில் சபைகளின் பொதுநிலையினர் அமைத்த விசாரணைக் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்கன் போர்டைச் சேர்ந்த சபையும் அதில் பங்கெடுத்தது. மிஷன் பணியின் நோக்கம் என்ன, மற்றச் சமயங்களோடு அதன் உறவு என்ன என்று அந்த அறிக்கை அடிப்படையிலிருந்தே கேட்டது. ஒரு சாரார் அதை வரவேற்றார்கள். இன்னொரு சாரார், தாங்கள் எதற்காகக் கொடுத்தார்களோ அதையே போர்டுகள் கைவிடப் போகின்றன என்று அஞ்சினார்கள்.

இவற்றுக்குள் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். 1837-லும் 1864-லும் இல்லாமை தடுத்தது. அந்தத் தடைகள் நீங்கியதும் பணம் மீண்டும் வந்தது. 1932-இல் நோக்கத்தின் மீதே ஐயம் விழுந்தது. பொருளாதாரம் தேறிய பிறகும் அந்த ஐயம் தீரவில்லை.

3. எண்ணிக்கை என்னும் வலை

நோக்கம் என்றதும், எண்ணிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள், இத்தனை ஊர்களைச் சந்தித்தோம் என்று அறிக்கை எழுதிப் பணம் கேட்பது பழைய வழக்கம். எண்ணிக்கை காட்டி வாங்கிய பணம், எண்ணிக்கை குறைந்த அன்றைக்கு நின்றுபோகும். அப்போது சிலர் எண்ணிக்கையைக் கூட்டி எழுதத் துணிகிறார்கள். அது வெளிப்படும் நாளில் உண்மையாக உழைத்தவர்களும் சேர்ந்து அடிபடுகிறார்கள்.

இந்த மண்ணிலேயே இதற்கு ஒரு மறுமொழி இருக்கிறது. திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன், மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். 1896-இல் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷி ஆனார். அமெரிக்கச் சிற்றூர்களின் காணிக்கையில் நடந்த பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்து படித்த பையன் அவர். எந்த மிஷன் அறிக்கையின் எந்தப் பத்தியில் அவரைக் கணக்கெழுத முடியும்? ஒரு பள்ளி ஊருக்குச் செய்யும் நன்மை, அதை நடத்துகிறவர்கள் போடும் கணக்கோடு முடிவதில்லை. இதைக் கொடையாளருக்கு நேர்மையாகச் சொல்லிப் பழக்கியிருந்தால், எண்ணிக்கை குறைந்தபோது பலர் விலகியிருக்க மாட்டார்கள்.

4. சட்டம் அடைத்த வழி

நம் காலத்துக்கு வருவோம். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் முதலில் 1976-இல் வந்தது. 2010-இல் புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. 2020 செப்டம்பர் திருத்தம் மூன்று பெரிய மாற்றங்களைச் செய்தது. வெளிநாட்டுப் பணம் முழுவதும் முதலில் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளைக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. ஓர் அமைப்பு தான் பெற்ற பணத்தை இன்னோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. இந்த மூன்றாவது விதிதான் கிராமங்களை நேராகத் தாக்கியது. பெரிய அமைப்பொன்று சென்னையில் வாங்கி, திருச்சுழிப் பக்கத்துத் தையல் பள்ளிக்கோ மாலைநேர வகுப்புக்கோ அனுப்பிய வழி அதோடு அடைபட்டது.

அதற்கு முன்பே, 2017 மார்ச்சில், அதே சட்டத்தின் நெருக்கடியில், கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு இந்தியாவில் தன் பணியை மூடியது. உள்ளூர்ச் சபைகளோடு இணைந்த மையங்களில் சுமார் 1,45,000 பிள்ளைகளுக்கு வெளிநாட்டுக் குடும்பங்கள் மாதந்தோறும் உதவிவந்தன. யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அந்தப் பழைய முறையின் தொடர்ச்சி இது. அந்தக் கொடையாளர்கள் நிறுத்த விரும்பவில்லை, நிறுத்தப்பட்டார்கள். சட்டத்தின் நியாய அநியாயத்தைப் பற்றி வாதம் உண்டு, அதை வேறு மேடையில் பேச வேண்டும். நாம் நம்மைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தப் பணம் நின்ற மறுமாதம், மையம் நடந்த ஊரின் சபை அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேரைத் தன் செலவில் தொடர்ந்து படிக்கவைத்தது? படிக்கவைத்த சபைகள் உண்டு. அவை பெரும்பாலும் முன்பே தங்கள் மக்களிடம் பணம் கேட்டு, வாங்கி, கணக்குக் கொடுத்துப் பழகிய சபைகள்.

யாழ்ப்பாணமும் இதற்கு ஒரு முன்னோடி. புகழ்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியை அமெரிக்கன் போர்டு 1855-இல் மூடியது. உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் தாங்களே முன்நின்று, தங்கள் பணத்தையும் போட்டு, அதே ஊரில் 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரியைத் திறக்கச் செய்தார்கள். அந்தக் கல்லூரி இன்றும் நடக்கிறது.

5. வறண்ட மண்ணின் வள்ளன்மை

இல்லாதவர் கொடுக்க மாட்டார் என்பதை இந்தச் சீமை ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விதைத்த சனங்கள் இவர்கள். தாது வருஷப் பஞ்சத்தைக் கண்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் கட்டினார்கள். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை, வீடுவீடாகத் திரட்டிய பிடியரிசியில் நடந்த பள்ளி. அருப்புக்கோட்டையிலும் விருதுநகரிலும் சிவகாசியிலும் நாடார் வணிகர்கள் பேட்டைக்கு வரும் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வைத்தார்கள். உறவின்முறை என்ற தங்கள் சமூக அமைப்பில் முறைகாரர்கள் முறைவைத்து அந்தப் பணத்தைப் பார்த்துக்கொண்டார்கள், தங்கள் முறை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்தார்கள். அருப்புக்கோட்டையில் எஸ்.பி.கே. என்று நாம் அழைக்கும் பள்ளிகளும், நெசவாளர் சமூகம் எழுப்பிய தேவாங்கர் கலைக் கல்லூரியும் இப்படிப்பட்ட பொதுப்பணத்தின் விளைச்சல். இன்றைக்குப் பணத்தை வைத்திருப்பவர் அடுத்த முறைக்குக் கொடுப்பவர் வரிசையில் நிற்பார் என்பதால், அங்கே கணக்கு மறைய இடமில்லை.

நம் சபைகளிலும் இது உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக் கலயத்தில் போடும் பழக்கம் நம் பெண்களுடையது. சபைகளின் பல கட்டடங்களுக்கு அடித்தளம் அந்த அரிசிதான். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தை வேதநாயகம் சாமுவேல் அசரியா முன்நின்று தொடங்கியபோது, ஊழியர்களும் இந்தியர், பணமும் இந்தியப் பணம் என்று வைத்துக்கொண்டார்கள். பனையேறிகளின் காணிக்கையில் தெலுங்கு நாட்டுக்கு ஊழியர் போனார்கள். பிற்காலத்தில் தோர்ணக்கல் பேராயராக இருந்த அசரியா, கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஏழைச் சபை வாங்கும் சபையாக மட்டும் இருந்தால் அதன் ஆவிக்குரிய வாழ்வே குன்றும் என்பது அவர் உறுதி.

இந்த வட்டாரத்தில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்க்காதவர்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் தகரக் கொட்டகையின் கீழே முண்டு வத்தல் மூட்டை, மல்லிச் சாக்கு, நிலக்கடலை, சோளக் கதிர், பூசணி, காலில் கயிறு கட்டிய சேவல் எல்லாம் வரிசையாக இருக்கும். ஒரு பாட்டி முந்தானையில் பொதிந்து ஆறு முட்டை கொண்டுவருவார். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று ஏலம் ஏறும். எடுத்தவர் பணத்தைக் கொடுத்துவிட்டு முட்டையைத் திரும்ப ஏலத்துக்கே விடுவார். மறுபடி ஏறும். கடைசியில் அந்த ஆறு முட்டை ஓர் ஆட்டின் விலைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். மாலையில் பொருளாளர் நோட்டை விரித்து, யார் எதை எடுத்தார், எவ்வளவு சேர்ந்தது, போன வருடம் சேர்ந்தது எதற்கு ஆனது என்று ஒவ்வொன்றாக வாசித்தார். பாட்டியின் பெயரும் வந்தது. மழை பொய்த்த ஆண்டிலும் அந்தச் சபையில் ஏலத்துக்கு மூட்டைகள் வந்தன.

இன்னொரு சபையையும் அறிவேன். அங்கே கணக்கு வாசிப்பதை நிறுத்தினார்கள். யாரும் சண்டை போடவில்லை. அடுத்த ஆண்டு மூட்டைகள் பாதியாயின, அதற்கடுத்த ஆண்டு பெயருக்கு நாலு தேங்காய் வந்தது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் நல்ல மழை.

6. கை நிற்பதன் காரணங்கள்

இனி நேராகச் சொல்கிறேன். பெரும்பாலும் நான்கு காரணங்களால் நம் மக்கள் நிறுத்துகிறார்கள்.

முதலாவது, கணக்கு இல்லாமை. பெங்களூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளை மாதாமாதம் தசமபாகத்தில் ஒரு பகுதியைக் கைப்பேசியில் அனுப்புகிறான். ரசீது வருவதில்லை. வருடக் கடைசியில் கேட்டால், "ஆண்டவருக்குக் கொடுத்ததற்குக் கணக்குக் கேட்கலாமா?" என்று பதில் வருகிறது. அவன் பிறகு கேட்பதில்லை, அனுப்புவதுமில்லை.

இரண்டாவது, பணம் தேவைப்படும்போது மட்டும் பேசுவது. நெருக்கடி என்றால் கடிதம் வருகிறது. கட்டடம் முடிந்தது, பிள்ளை பத்தாம் வகுப்பில் தேறினாள் என்று சொல்ல எவரும் வருவதில்லை. கொடுத்தவர் தம்மை ஓர் உண்டியலாக மட்டும் நினைக்கிறார்கள் என்று உணர்ந்துவிடுகிறார்.

மூன்றாவது, ஊழியம் தனி மனிதரின் சொத்தாவது. நிறுவியவருக்குப் பின் மனைவி, மகன், மருமகன் என்று பொறுப்பு இறங்கும்போது, கொடையாளர் ஒரு குடும்பத்தின் வாழ்க்கைச் செலவுக்குக் கொடுப்பதாக உணர்கிறார். திருமண்டலத் தேர்தல்களும் சொத்து விவகாரங்களும் நீதிமன்றப் படியேறும் செய்தியை அவர் நாளிதழில் படிக்கிறார். அவருடைய நூறு ரூபாய் வழக்கறிஞர் கட்டணமாகப் போகிறதோ என்ற ஐயம் நியாயமானது.

நான்காவது, ஆசீர்வாதத்தை விலைபேசுவது. நூறு கொடுத்தால் ஆயிரமாகத் திரும்பும் என்று தொலைக்காட்சியில் கேட்டுக் கொடுத்தவர், அது திரும்பாதபோது அந்த ஊழியரை மட்டும் விடுவதில்லை, கொடுப்பதையே விட்டுவிடுகிறார். இதன் சேதம் நேர்மையான கிராம ஊழியர் தலையில் விழுகிறது.

இந்த நான்கில் எதிலாவது மழையின் குற்றம் இருக்கிறதா? கொடுப்பவரின் பக்திக் குறைவு இருக்கிறதா? நான்கும் வாங்குகிற பக்கத்தில்தான் இருக்கின்றன.

7. பவுலின் கணக்கும் நம் கடமையும்

காணிக்கைக் கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்கள் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தைப் படிக்க வேண்டும். எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தை அப்போஸ்தலனாகிய பவுல் தனியாக எடுத்துச் செல்லவில்லை. தீத்துவோடு சபைகள் தேர்ந்தெடுத்த ஒருவரையும் கூட அனுப்பினார். தேவனுக்கு முன் மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் பழிக்கு இடமில்லாமல் நடக்க வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். அந்தக் காணிக்கைக்கு எடுத்துக்காட்டாக அவர் காட்டியதும் செல்வச் சபையை அல்ல, கொடிய வறுமையில் இருந்த மக்கெதோனியா சபைகளை. பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், எப்பாப்பிரோதீத்து கையில் வந்தது கிடைத்தது என்று ஒப்புக்கொண்டு நன்றி சொல்கிறார். நம் வழக்கில் அது ரசீது.

ஆகவே ஊழியம் நடத்துகிறவர்களிடம் நான் வேண்டுவது அதிகமல்ல. பத்து ரூபாய்க்கும் ரசீது கொடுங்கள். வரவு செலவைத் தணிக்கை செய்து, ஆண்டுக்கு ஒருமுறை எல்லார் முன்பாகவும் வாசியுங்கள். அச்சிட்டுக் கோயில் கதவில் ஒட்டுங்கள். பணம் கேட்டு ஒரு கடிதம் எழுதினால், கேட்காமல் இரண்டு கடிதம் எழுதுங்கள். தோல்வியையும் அதில் எழுதுங்கள். பணத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முறைவைத்து மாற்றுங்கள். மகமை வைத்த ஊரில் இருந்துகொண்டு அதைக் கற்காமல் இருப்பது நமக்கு அழகல்ல. வெளிநாட்டுப் பணம் வந்தால் முறைப்படி வாங்குங்கள், ஆனால் அது நின்றாலும் நிற்காத அளவுக்கு மட்டுமே பணியை விரிவுபடுத்துங்கள்.

கொடுத்து நிறுத்தியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் ஏமாற்றப்பட்டிருந்தால் உங்கள் கோபம் நியாயம். ஆனால் சொல்லாமல் நிறுத்துவதால் தவறு செய்தவர் திருந்துவதில்லை. அவரை நம்பியிருந்த உபதேசியாரின் சம்பளமும் விடுதிப் பிள்ளையின் கல்விக் கட்டணமும்தான் நிற்கின்றன. ஆகவே கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். கணக்குக் காட்டாத இடத்திலிருந்து பணத்தை எடுத்து, கணக்குக் காட்டும் சிறிய ஊழியம் ஒன்றுக்கு மாற்றுங்கள். இந்தச் சீமையில் அப்படிப்பட்டவை இருக்கின்றன. உங்கள் ஊரிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தூரத்திலேயே இருக்கும், நேரில் போய்ப் பாருங்கள். கொடுப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.